மடுல்சீமையில் முதல் மூச்சு

பதுளையிலிருந்து பசறைக்கு வந்து, அங்கிருந்து மலைமேல் மலையாக ஏறும் பாதை கொண்டுபோய்ச் சேர்க்கும் மடுல்சீமை, இலங்கையின் ஊவாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களுள் ஒதுக்கமான ஒரு மூலையாக இன்று பலருக்குத் தோன்றினும், தாவர சாஸ்திரத்தின் சரித்திரத்தில் நிலையான இடம்பெற்ற ஊராகும். 1869ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்பகுதிக் கோப்பித் தோட்டமொன்றிலே, இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த சில செடிகள் காணப்பட்டன. அவ்விலைகள் பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவைட்ஸ் என்பாரின் கைக்குப் போய், அவரால் இங்கிலாந்திலிருந்த பங்கசு ஆராய்ச்சியாளர் பெர்க்லி பாதிரியாருக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே நோய்க்குக் காரணமான பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பெயரும் சூட்டப்பட்டு அச்சேறிவிட்டது. நஷ்டம் பெருகியபோது, 1880இல் மார்ஷல் வார்டு என்னும் இளம் விஞ்ஞானி வரவழைக்கப்பட்டு, இலை சுவாசிக்கும் நுண்துளைகளின் வழியே அந்தப் பங்கசு உட்புகுவதை இரண்டு வருஷ ஆராய்ச்சியால் தெளிவாக்கினார். ஓர் இலையின் மூச்சு அடைபட்டதை ஆறே மாதத்தில் உலகறியச் செய்த அந்த மலையில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் காம்பராவிலே பிறந்து அழாமற் கிடந்த சிசுவுக்கு நேர்ந்தது என்ன என்று கேட்பதற்கு எத்தனை காலம் சென்றது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

கேள்வி உலகத்தில் அப்போதே கேட்கப்பட்டிருந்தது. கோப்பி இலையில் பொடி காணப்படுவதற்கு எட்டு வருஷத்துக்கு முன், 1861 அக்டோபரில், லண்டனிலுள்ள பிரசவ வைத்தியர் சங்கத்தின் முன்னிலையில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற வைத்தியர் ஒரு கட்டுரை வாசித்தார். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தை ஒன்று இறந்துபோகும், அல்லது பிழைத்துப் பூரண சுகமடையும் என்றே அதுவரை வைத்தியர்கள் எண்ணியிருக்க, மூன்றாவது ஒரு கதியும் உண்டு என்றும், பிழைத்த குழந்தையின் மூளையில் அந்தத் திணறல் தழும்பை விட்டுச் செல்லக்கூடும் என்றும், கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்வதும் நடை தாமதமாவதும் சில வேளைகளில் புத்தி மந்தமாவதும் அத்தழும்பின் விளைவுகளே என்றும் அவர் எடுத்துக்காட்டினார். பாலப் பருவத்தில் நோயுற்றுத் தம் பாதமே கோணியிருந்த அம்மனிதர், முடமான குழந்தைகளைப் பார்த்த பார்வையில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கூர்மை இருந்தது இயல்பே. அந்நோய் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று.

மடுல்சீமைக்கு இந்தக் கேள்வி உரியதானது தேயிலை வந்த பிறகே. கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து இராமேசுவரக் கரை கடந்து நடைவழியாக மலையேறியவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடைப் பருவத்துக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் மதுரைச் சீமையிலும் திருச்சிராப்பள்ளிச் சீமையிலும் புதுக்கோட்டையிலும் சொந்த ஊரில், சொந்தக் கூரையின்கீழ், தாயும் பாட்டியும் சூழப் பிறந்தன. கோப்பி அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தபோது, வருஷம் முழுவதும் கொழுந்து துளிர்க்கும் அச்செடிக்கு வருஷம் முழுவதும் ஆட்கள் வேண்டியிருந்தனர். கொழுந்து கிள்ளப் பெண்களின் விரல்கள் வேண்டியிருந்தன. குடும்பங்கள் மலையில் தங்கின. ஊவா தனி மாகாணமாக்கப்பட்ட 1886ஆம் ஆண்டை ஒட்டிய காலமே மலையகத் தமிழனின் பிறப்பு மலையிலேயே நிகழத் தொடங்கிய காலமுமாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா ஒன்று, அடுப்பும் புகையும் அதிலேயே, ஆட்களைக் கணக்கெடுக்கும் கங்காணியின் பெரட்டு விடியுமுன்னே: அந்த இடத்தில் பிரசவம்.

அப்பிரசவத்தைப் பார்த்தவள் மருத்துவச்சி. தமிழகத்துக் கிராமங்களில் நாவிதர் குலத்துப் பெண்களே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த அத்தொழில், கூட்டத்தோடு கூட்டமாகக் கப்பலேறி மலைக்கும் வந்தது. அவளை அறியாமையின் உருவமாக வருணிப்பது பிற்காலத்து அறிக்கைகளின் வழக்கம். அது நியாயமன்று என்பது என் கருத்து. நீடித்த இடுப்புவலியில் இரவெல்லாம் அருகிருந்தவள் அவள். கூலியாகக் கிடைத்ததோ கொஞ்சம் அரிசியும் ஒரு பழம் புடவையும். பிள்ளை அழாதபோது அவள் செய்த காரியங்களுக்கு ஒரு நீண்ட பரம்பரையும் உண்டு. சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், மூச்சற்றுப் பிறந்த சிசுவின் காதடியில் கற்களை ஒன்றோடொன்று மோதி ஒலியெழுப்பவும், தண்ணீரோ வெந்நீரோ முகத்தில் தெளிக்கவும், முறத்தால் விசிறவும், பிராணன் திரும்பும் வரையில் இவற்றை விடாமற் செய்யவும் விதிக்கிறது. முதுகைத் தடவுதலும் உள்ளங்காலைத் தட்டுதலும் நீர் தெளித்தலும் கீழைத் தேசத்து மருத்துவச்சிகளுக்கெல்லாம் பொதுவான முறைகள்.

இம்முறைகள் சில சமயம் பலித்ததும் சில சமயம் பலியாததும் தெய்வச் செயல் என்று கருதப்பட்டது. அதன் உண்மைக் காரணத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் வெளிப்படுத்தின. கருவிலிருக்கும் சிசு தன் மூக்கால் சுவாசிப்பதில்லை; நஞ்சு எனப்படும் சூல்வித்தகத்தின் வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து கொடி கொண்டுவரும் பிராணவாயுவையே நம்பியிருக்கிறது. அதுவும் தாராளமாக வருவதில்லை. மிக உயர்ந்த மலைச் சிகரத்தில் நிற்பவனுக்குக் கிடைக்கும் அளவே அதற்கும் கிடைக்கிறது என்றும், அந்தக் குறைவைத் தாங்கும்படி அதன் இரத்தம் தனியாக அமைந்திருக்கிறது என்றும் பார்க்ராஃப்ட் என்ற உடலியல் அறிஞர் காட்டினார். பிரசவத்தின்போது கொடி நசுங்கினாலோ, நஞ்சு முன்னதாகவே விலகினாலோ, வலி அளவுக்கு மிஞ்சி நீடித்தாலோ அந்தச் சொற்ப வரவும் தடைப்படுகிறது. முதலில் சிசு வேகமாகச் சுவாசிக்க முயன்று, பின் ஓய்ந்து மூச்சற்றுக் கிடக்கும். இந்த முதல் ஓய்வில் அதனைத் துடைத்துத் தேய்த்துத் தட்டினாலே மூச்சு வந்துவிடும். தடை நீடித்தால் சில விக்கல் மூச்சுகளுக்குப் பிறகு இரண்டாவது ஓய்வு நேரும். அதன்பின் எத்தனை தட்டினாலும், எத்தனை நீர் தெளித்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து காற்றை நுரையீரலுக்குள் செலுத்தினாலொழிய அது மீளாது. முதல் ஓய்வில் கிடந்த பிள்ளைகளை மருத்துவச்சி மெய்யாகவே காப்பாற்றினாள். அவளுடைய புகழ் பொய்ப்புகழன்று. இரண்டாம் ஓய்வில் கிடந்த பிள்ளைகளுக்கு அவள் கையில் எதுவும் இருக்கவில்லை. இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது தேர்ந்த வைத்தியருக்கே கடினம்.

இதற்கிடையில் மூளைக்கு நேர்வது என்ன? உடம்பின் எல்லா அவயவங்களிலும் பிராணவாயுவை அதிகமாக வேண்டி நிற்பது மூளையே. சேமித்து வைக்கும் சக்தி அதற்கு இல்லை. இரத்த ஓட்டம் குன்றினால் மற்ற உறுப்புகளைப் பட்டினி போட்டாவது மூளைக்கு அனுப்பத் தேகம் முயல்கிறது; அந்த முயற்சியும் தோற்றபின் நரம்பணுக்கள் வாடுகின்றன. போர்ட்டோ ரிக்கோவில் குரங்குகளைக் கொண்டு வின்டிலும் மையர்ஸும் செய்த பரிசோதனைகள், முழுத் தடை சில நிமிஷம் நேர்ந்தால் மூளையின் ஆழ்ந்த பகுதிகளும், அரைகுறைத் தடை நெடுநேரம் நீடித்தால் மேற்பரப்புப் பகுதிகளும் சேதமாகும் என்று காட்டின. அதைவிட வியப்பானது, சேதம் ஒரே தடவையில் முடிந்துவிடுவதில்லை என்பது. மூச்சு மீண்டு, நிறம் சிவந்து, பிள்ளை தேறிவிட்டது என்று எல்லோரும் ஆறுதல் கொள்ளும் சில மணி நேரத்துக்குப் பின், அணுக்களின் சக்தி இரண்டாம் முறை சரிகிறது. அப்போதுதான் கண் செருகுதலும் பால் குடியாமையும் வலிப்பும் தோன்றுகின்றன. முதல் நாள் இரவில் வலிப்பு வந்த பிள்ளையைக் கண்டு தோஷம் என்றும் பேய் என்றும் அஞ்சியவர்கள், பேற்றுக்கும் அந்த வலிப்புக்கும் நடுவே இருந்த அமைதியான மணி நேரங்களால் ஏமாற்றப்பட்டவர்களே.

கொடி கழுத்தில் சுற்றிப் பிறந்த பிள்ளையை மாலை சுற்றிப் பிறந்தது என்று சொல்லி, அது தாய்மாமனுக்கு ஆகாது என்று அஞ்சி, மாமன் அதன் முகத்தை முதலில் எண்ணெயில் நிழலாகப் பார்த்த பின்னரே நேரில் பார்க்க வேண்டும் என்று விதித்த வழக்கம் தமிழரிடையே பரவலானது. கொடியால் ஆபத்து மாமனுக்கு என்று சொன்ன அந்த நம்பிக்கை, ஆபத்து பிள்ளைக்கே என்பதைச் சொல்லவில்லை. ஆயினும், கொடி சுற்றிப் பிறக்கும் குழந்தைகளுள் மிகப் பெரும்பான்மையோர் யாதொரு குறையுமின்றி வளர்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லையேல் ஒரு பயத்தை நீக்கி மற்றொரு பயத்தை வைத்தவர்களாவோம்.

சர்க்காரின் கணக்குகளுக்கு வருவோம். இலங்கையில் பிறப்பு இறப்புகளைக் கட்டாயமாகப் பதியும் சட்டம் 1867இல் வந்தது. தோட்டங்களில் நிர்வாகியான துரையே அறிக்கை அனுப்ப வேண்டியவர். மரண காரணம் எழுதும் இடத்தில் சிசுக்களுக்கு நேரே அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட சொற்கள் பலவீனம், வலிப்பு என்பவை. அந்த வலிப்புக்குள் தொப்புள் வழி ஏறிய ஏற்புவலியும் இருந்தது, மூளைக்குப் பிராணவாயு எட்டாததால் வந்த வலிப்பும் இருந்தது, இரண்டையும் பிரித்தறிவாரில்லை. மூச்சே விடாமற் பிறந்த சிசுவின் நிலை இன்னும் துயரமானது. உயிரற்ற பிறப்பைப் பதியும் கடமை நெடுங்காலம் குறித்த சில நகரப் பகுதிகளுக்கே விதிக்கப்பட்டிருந்தபடியால், மலையில் ஒரு தடவையும் அழாத பிள்ளை பிறந்தவர் கணக்கிலும் இல்லை, இறந்தவர் கணக்கிலும் இல்லை. பிழைத்து விறைத்த கால்களோடு வளர்ந்த பிள்ளைக்கோ எந்தப் புத்தகமும் இல்லை. கோப்பி எத்தனை அந்தர் குறைந்தது என்பது லண்டன் வரை தெரிந்த நாட்டில் இது.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கென்று முதல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் செய்யப்பட்டு, வைத்திய மாவட்டங்கள் வகுக்கப்பட்டன. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. அதன் நன்மை மடுல்சீமைக்கு எட்டாத தூரம். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல். 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நான்கு வாரம் உணவும் இருப்பிடமும் கொடுத்து, வைத்திய அதிகாரி தகுதியென்று சொன்னாலன்றி அக்காலத்தில் வேலை வாங்கலாகாது என்றது. 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டம் பணமும் கொடுக்கச் சொல்லிற்று. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் இவையெல்லாம் பேற்றுக்குப் பிந்திய வாரங்களைப் பற்றியவை. பிள்ளை வெளிவரும் அந்த ஒரு நிமிஷத்தில் பக்கத்தில் யார் இருப்பார், அவர் கையில் என்ன இருக்கும் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. தோட்டத்து மருந்துக்காரர் ஒருவர், சில தோட்டங்களில் ஒரு பிள்ளைப்பேற்று அறை, பயின்ற மருத்துவச்சி ஒருத்தி இருந்தால் அது அத்துரையின் மனத்தைப் பொறுத்த பாக்கியம். கொக்கிப் புழுவாலும் மலேரியாவாலும் சோகை பிடித்து, சிறு வயதிலிருந்தே போஷாக்குக் குறைந்து உயரமும் இடுப்பெலும்பும் குறுகிய தாய்மாருக்கு வலி நீடிப்பது சாதாரணம்; வலி நீடித்தால் சிசுவின் மூச்சுக்கு ஆபத்து. ஆகையால் அந்தத் திணறலின் மூலம், பிரசவ அறைக்கு வெகு தூரத்தில், தாயின் தாய் உண்ட சோற்றிலேயே இருந்தது என்று சொல்லலாம்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையின் சுகாதாரம் உலகம் வியக்கும்படி உயர்ந்தது. 1946இல் ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய 140ஆக இருந்த சிசு மரணம், அடுத்த ஆண்டே 101ஆக இறங்கி, மேலும் மேலும் தாழ்ந்தது. கிராமந்தோறும் பயின்ற மருத்துவச்சிகள் சென்றனர். அந்த நடை தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபின், அவர்களுடைய நோயும் பேறும் நிர்வாகத்தாரின் காரியமாகவே ஒதுக்கப்பட்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் மாவும் அரிசியும் அரிதாகி, நாடு முழுவதற்குமான சிசு மரணம் ஆயிரத்துக்கு 51ஆக நின்ற 1974இல், தோட்டப் பகுதியில் அது நூறைத் தாண்டியது. இந்த எண்ணிக்கையை எழுதும்போது கை நடுங்குகிறது; ஏனெனில் இது நோய் செய்த கொடுமையன்று, மனிதர் செய்த ஏற்பாடு.

இதே காலத்தில் உலகின் பிரசவ அறைகளில் பெரிய மாறுதல்கள் நிகழ்ந்தன. நியூயார்க்கில் மயக்க மருந்து வைத்தியராயிருந்த வர்ஜீனியா அப்கார் அம்மையார், இதயத் துடிப்பு, சுவாசம், தசையின் உறுதி, தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம் என்னும் ஐந்தையும் பார்த்துச் சிசுவுக்கு மதிப்பெண் இடும் முறையை 1953இல் வெளியிட்டார். அதன் பெருமை கணக்கில் இல்லை. பிறந்த குழந்தையை ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்தே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியதில் இருக்கிறது. சில ஆண்டுகளுள் டென்மார்க்கிலிருந்து அம்பு பை வந்தது. கையால் அமுக்கி விட்டதும் தானே விரியும் அந்த ரப்பர்ப் பையும் முகமூடியும் இருந்தால், மின்சாரமோ பிராணவாயு உருளையோ இல்லாமலே இரண்டாம் ஓய்வில் கிடக்கும் சிசுவுக்கு மூச்சு ஊட்டலாம். இமயமலைக் கிராமமாயினும் ஊவா மலைத் தோட்டமாயினும் உதவக்கூடிய பொருள் இதைவிட வேறில்லை.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இக்கால எல்லையில் தோட்ட ஆஸ்பத்திரிகள் சில அரசிடம் வந்தன. ஏற்புவலி ஊசி 1969 முதல் கர்ப்பிணிகளுக்குப் போடப்பட்டு, தோட்டங்களையும் நாளடைவில் எட்டியது. குடும்ப நல உத்தியோகத்தர்கள் லயத்துக்கு வந்து கர்ப்பிணிகளைப் பதிந்தனர். அவர்களுட் பலர் தமிழறியாதவர்கள் என்பதும், சொல்லவேண்டியதைத் தாய் சொல்லாமலே விட்டாள் என்பதும் மலையகத்தின் நெடுநாள் மனக்குறை. பிள்ளை துடிப்பது குறைந்துவிட்டது என்ற ஒரு வாக்கியம் புரியாமற் போவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று நாட்டின் பிரசவங்களில் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில் நிகழ்கின்றன. மடுல்சீமைப் பெண்ணும் பசறைக்கோ பதுளைக்கோ இறங்குகிறாள். காம்பராவில் நிகழ்ந்த ஆபத்து, மழையில் மண்சரியும் பாதையிலே, லொறியிலும் முச்சக்கர வண்டியிலும் கழியும் மணி நேரங்களுக்கு இடம் மாறியிருக்கிறது.

வைத்திய சாஸ்திரத்துக்கும் கீழைத் தேசத்துப் பிள்ளைகள் சில பாடங்களைப் போதித்திருக்கிறார்கள். மூச்சற்ற சிசுவுக்குச் சுத்தப் பிராணவாயுவே ஊட்டவேண்டும் என்பது நெடுங்காலத்து விதி. உருளை இல்லாத இடத்தில் சாதாரணக் காற்று போதுமா என்ற கேள்வியைத் தில்லியில் ராம்ஜி முதலியோர் 1993இல் பரிசோதித்தனர். நார்வே வைத்தியர் சௌக்ஸ்டாட் 1998இல் வெளியிட்ட, பல நாடுகளின் 609 குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி, காற்று எவ்விதத்திலும் குறைந்ததன்று என்று நிறுவியது. நிறைமாதக் குழந்தைக்குக் காற்றிலேயே தொடங்குவது இப்போது உலகெங்கும் விதியாயிற்று. ஏழை ஆஸ்பத்திரியின் இல்லாமையிலிருந்து பிறந்த கேள்வி, செல்வ நாடுகளின் வழக்கத்தையே திருத்தியது.

மற்றொரு பாடம் கசப்பானது. மூளைக்குப் பாதிப்பு நேர்ந்த சிசுவின் உடலை ஆறு மணி நேரத்துக்குள் குளிரச் செய்து, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு பாகை அளவில் 72 மணி நேரம் வைத்திருந்தால், இரண்டாம் சரிவைத் தடுக்கலாம் என்று மேல்நாடுகளில் 2005 முதல் வெளிவந்த ஆராய்ச்சிகள் மெய்ப்பித்தன. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, பங்களாதேசம் ஆகிய நாடுகளின் ஏழு பெரிய ஆஸ்பத்திரிகளில், சென்னையும் ராகமையும் அவற்றுள் அடங்க, 408 குழந்தைகளிடத்தில் சோதித்த ஹீலிக்ஸ் ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தபோது, குளிரூட்டப்பட்டவர்களுள் நூற்றுக்கு 42 பேரும், குளிரூட்டப்படாதவர்களுள் 31 பேரும் இறந்தனர் என்று தெரிந்தது. இங்குள்ள சிசுக்களின் பாதிப்பு பேற்றுக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது போலும் என்பது ஆராய்ந்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று. அப்படியானால் யந்திரங்களை வாங்குவதைவிட, கர்ப்பிணியின் இரத்தத்தையும் வலி தொடங்கியபின் சிசுவின் இதயத் துடிப்பையும் கவனிப்பதே நமக்கு முந்திய கடமையாகிறது.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இதை விடமுடியாது. விறைத்த கை கால்களோடு வளரும் பிள்ளைகளெல்லாம் பேற்றில் மூச்சுத் திணறியதால் அப்படியானவர்கள் அல்லர். லிட்டிலுக்குப் பின் வந்த பிராய்ட், பின்னாளில் மனநூலால் புகழ்பெற்றவரே, 1897இல் எழுதிய நூலில், கடினமான பேறே கருவில் முன்னரே நேர்ந்த ஒரு கோளாறின் அறிகுறியாகலாம் என்று சந்தேகித்தார். 1980களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பெரிய ஆராய்ச்சிகள் அவர் சந்தேகத்துக்கு ஆதாரம் தந்தன. குறைமாதப் பிறப்பும் கருவில் தொற்றிய நோயும் பிறந்தபின் முற்றிய மஞ்சள் காமாலையும் அதே விளைவைத் தரக்கூடும். கடைசி நாள்வரை மலையேறிக் கொழுந்து பறித்ததால் தன் பிள்ளை இப்படி ஆயிற்று என்று தன்னையே நொந்துகொள்ளும் தாயும், மருத்துவச்சியைச் சபிக்கும் மாமியாரும் இதை அறிய வேண்டும்.

அத்தகைய பிள்ளைக்கு முதல் இரண்டு மூன்று வயதுக்குள் கொடுக்கும் பயிற்சியே அதிகப் பலன் தருவது. குப்புறக் கிடத்திக் கழுத்தை நிமிர்த்தப் பழக்குதல், விறைத்த தொடைகளை விலக்கி உட்காரவைத்தல், விழுங்கப் பழக்குதல், பார்வையையும் செவியையும் சோதித்தல் ஆகிய இவற்றுக்காக மாதந்தோறும் பதுளைக்கு வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். மடுல்சீமைத் தாய் அதற்கு விடியுமுன்னே பஸ் ஏறவேண்டும். அன்றைக்குப் பெரட்டில் அவளுக்கு நாட்கூலிக்கான பேர் இல்லை, அரைநாட் கூலிக்கான அரைப்பேரும் இல்லை. குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் இத்தகைய குழந்தையைத் தனியாகக் கவனிக்க ஆளில்லாத தோட்டங்களில், அவள் மற்ற நாட்களிலும் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கிறாள். கிளினிக்குக்குப் போகும் நாளைச் சம்பளத்தோடு கூடிய நாளாக்குவதும், பயிற்சியளிப்பவர் ஒருவர் மாதத்தில் ஒருமுறையேனும் மலைக்கு ஏறி வருவதும், தோட்டத்து மடுவப் பெண்ணுக்கு அப்பயிற்சியின் முதற்பாடங்களைக் கற்பிப்பதும் பெருஞ்செலவுள்ள காரியங்கள் அல்ல. 1912ஆம் ஆண்டிலேயே நான்கு வாரத்துக்கு உணவும் இருப்பிடமும் கொடுக்கச் சட்டம் செய்ய முடிந்த நாட்டில், இவற்றுக்கும் ஒரு விதி எழுதலாம்.